செப்பில் கீறிய அரசமுகம்

1616ஆம் ஆண்டு லண்டனில் சைமன் டி பாசே என்ற இளம் செதுக்குநர், அமெரிக்கப் பழங்குடித் தலைவர் ஒருவரின் மகளை உட்காரவைத்து அவள் முகத்தைச் செப்புத் தகட்டில் கீறினார். அவள் போகாஹொன்டாஸ். அவளை நேரில் பார்த்துச் செய்ததாக நமக்குத் தெரிந்த படம் அது ஒன்றுதான். அதே ஆண்டு மார்ச் மாதம் கோபன்ஹேகனில் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியான் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் வழங்கினார். அந்தக் கம்பெனிதான் 1620இல் ஓவே கெட்டேயின் தலைமையில் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றது. 1624இல் சைமன் டி பாசே அதே கிறிஸ்தியானிடம் அரசவைச் செதுக்குநராக வேலைக்குச் சேர்ந்து, 1647இல் இறக்கும்வரை டென்மார்க்கிலேயே இருந்தார்.

ஓர் அரசருக்கு ஓவியர் தேவை என்பது புரிகிறது. செதுக்குநர் எதற்கு?

ஓவியம் ஒன்றுதான் இருக்கும், அதுவும் அரண்மனைச் சுவரில் தொங்கும். யூட்லாந்தில் டோஸ்ட்ருப் போன்ற ஒரு சிற்றூரில் உழுதுகொண்டிருந்த விவசாயி கோபன்ஹேகன் அரண்மனைக்குள் ஒருநாளும் கால்வைக்கப்போவதில்லை. அவரிடம் அரசர் வந்து சேர்ந்தது காசு வழியாகவும், தேவாலயத்தின் மரவேலைப்பாட்டில் செதுக்கிய அரச முதலெழுத்து வழியாகவும், எப்போதாவது பாதிரியார் வீட்டிலோ பண்ணையார் மாளிகையிலோ கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய அச்சுப்படம் வழியாகவும்தான். அந்த அச்சுப்படத்தில் இருப்பது அரசரின் முகம் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது முகத்தை ஓவியர் பார்த்த விதத்தை இன்னொருவர் கோடுகளாக மாற்றியது. ஓவியம் ஒரு கை கடந்தது, அச்சுப்படம் இரண்டு கை கடந்தது. ஆனாலும் நாட்டின் நினைவில் பதிந்தது இரண்டாவதுதான்.

அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதில்தான் அறிவியல் இருக்கிறது.

செதுக்குநருக்குக் கிடைப்பது கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் மட்டும். சாம்பல் நிறம் கிடையாது. மை ஓரிடத்தில் விழும், அல்லது விழாது. ஓவியரோ கன்னத்தின் வெளிச்சத்திலிருந்து தாடையின் நிழலுக்கு நூறு படிகளில் நிறத்தைக் கரைத்துக்கொண்டு போயிருக்கிறார். இந்த நூறு படிகளை இரண்டே நிறத்தில் சொல்ல வேண்டும். வழி, பரப்பளவு. 0.4 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு என்று இணையாகக் கீறி, ஒவ்வொரு கோட்டுக்கும் 0.1 மில்லிமீட்டர் அகலம் கொடுத்தால் தாளில் கால்வாசி கறுப்பாகிறது. அதே அளவில் இன்னொரு வரிசைக் கோடுகளைக் குறுக்கே போட்டால் கறுப்பு ஐம்பது சதவீதம் ஆகிவிடாது, ஏனென்றால் சில இடங்களில் கறுப்பின் மேலேயே கறுப்பு விழுகிறது. கணக்குப் போட்டால் சுமார் 44 சதவீதம். மூன்றாவது வரிசையும் சேர்ந்தால் 58. நான்காவது, ஐந்தாவது என்று போகப் போக ஒவ்வொரு வரிசையும் சேர்க்கும் இருள் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே ஆழ்ந்த கறுப்பு வேண்டும் என்றால் வரிசைகளைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை, கோட்டையே அகலப்படுத்த வேண்டும். பதினேழாம் நூற்றாண்டுச் செதுக்குநர் யாரும் இந்தச் சூத்திரத்தை எழுதிவைக்கவில்லை. ஆனால் அவர்கள் தகடுகளை உருப்பெருக்கியில் பார்த்தால் இதை விரல்நுனியில் வைத்திருந்தார்கள் என்று தெரிகிறது.

இனி மீதி வேலை பார்ப்பவரின் கண்ணுடையது. சாதாரணப் பார்வை உள்ள கண், ஒரு பாகைக்குள் சுமார் 30 கோடுகள் வரைதான் தனித்தனியாகப் பிரித்தறியும். அதற்குமேல் நெருங்கினால் கோடுகள் கரைந்து ஒரே சாம்பலாகின்றன. 0.4 மில்லிமீட்டர் இடைவெளிக் கோடுகளுக்கு இது நடக்கும் தூரம் சுமார் 70 சென்டிமீட்டர். படத்தைக் கையில் பிடித்தால் கோடு தெரியும், சுவரில் மாட்டி மூன்றடி தள்ளி நின்றால் அரசரின் கன்னம் தெரியும். இன்று செய்தித்தாள் புகைப்படம் புள்ளிகளால் ஆகியிருப்பதும், கைபேசித் திரை சிறு விளக்குகளால் ஆகியிருப்பதும் இதே பலவீனத்தை நம்பித்தான்.

ஆனால் செய்தித்தாள் புள்ளிக்கும் செதுக்குநர் கோட்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. புள்ளி எல்லா இடத்திலும் ஒரே ஒழுங்கில் விழுகிறது, முகம் எது சுவர் எது என்று அதற்குத் தெரியாது. செதுக்குநரின் கோடு உருவத்தின் வளைவோடு சேர்ந்து வளையும். நெற்றியில் படுத்துக்கொண்டு போகும், கன்னத்தில் உருளும், மூக்கின் பக்கவாட்டில் இறங்கும். கோடு வளையும் விதத்தை வைத்தே மூளை பரப்பின் மேடுபள்ளத்தைக் கணித்துவிடுகிறது. பார்வை பற்றி ஆராய்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். நிழலே இல்லாமல் கோட்டின் திசையை மட்டும் மாற்றினாலும் தட்டையான தாளில் உருண்டையான பொருள் தெரியும். அதனால் ஒரு நல்ல செப்புப் படத்தில் இரண்டு செய்திகள் ஒரே கோட்டில் பயணம் செய்கின்றன. அதன் அகலம் வெளிச்சத்தைச் சொல்கிறது, அதன் திசை வடிவத்தைச் சொல்கிறது. பிரெஞ்சுச் செதுக்குநர் குளோட் மெல்லான் 1649இல் இதன் எல்லையைத் தொட்டுப் பார்த்தார். கிறிஸ்துவின் முகம் முழுவதையும் மூக்கின் நுனியில் தொடங்கிச் சுழன்று விரியும் ஒரே ஒரு கோட்டால் கீறினார். கோடு எங்கும் அறுபடவில்லை. தடித்தும் மெலிந்தும் போய், கண்ணும் தாடியும் முள்முடியும் ஆகிறது. வித்தை காட்டுவதற்காகச் செய்தது என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும், சில வித்தைகள் ஒரு கலையின் இலக்கணத்தை வெளியே எடுத்துக் காட்டுகின்றன.

கோடு தடிப்பதும் மெலிவதும் கையின் அழுத்தத்தால். பியூரின் என்னும் கருவி சாய்சதுரக் குறுக்குவெட்டுள்ள எஃகுக் கம்பி, நுனி சரிவாகத் தீட்டப்பட்டது. அதன் கைப்பிடி உள்ளங்கைக்குள் அடங்கும். எழுதுகோலைப் போல இழுக்கக்கூடாது, ஏர்க்கொழுவைப் போல முன்னோக்கித் தள்ள வேண்டும். நுனி முக்கோண வடிவம் என்பதால் ஆழமாகப் போனால் கோடும் தானாக அகலமாகும். ஆழமும் அகலமும் இப்படிப் பிணைந்திருப்பது இந்தக் கலைக்குக் கிடைத்த பெரிய வரம், ஏனென்றால் ஆழமான பள்ளத்தில் மை தடிமனாக நிற்கும், தடிமனான மை அதிக ஒளியை விழுங்கும். கோடு அகலமாவதோடு அதன் கறுப்பும் அடர்த்தியாகிறது. மரக்கட்டை அச்சின் தட்டையான கறுப்பில் கிடைக்காத வெல்வெட் ஆழம் இங்கே கிடைப்பது இதனால்தான். வளைந்த கோடு வேண்டுமானால் கருவியைத் திருப்புவதில்லை. மணல் நிரப்பிய தோல் தலையணைமேல் தகட்டை வைத்து, வலக்கை நேராகத் தள்ளிக்கொண்டிருக்க, இடக்கை தகட்டைச் சுழற்றுகிறது. அரசரின் தலைமயிர்ச் சுருள்கள் அனைத்தும் இடக்கையின் வேலை.

செம்பை ஏன் தேர்ந்தார்கள்? செம்பு உடையாமல் வளைந்துகொடுக்கும். அதன் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லக்கூடியவை, ஆகவே பியூரினுக்கு முன்னால் அது நொறுங்கித் தெறிக்காமல் மெல்லிய சுருளாக எழும்பி வருகிறது. ஆனால் வெறும் மென்மை போதாது. மிக மென்மையான செம்பில் நுனி புதைந்து ஓரம் பிதுங்கும். அதனால் தகட்டை முன்பே சுத்தியலால் சீராக அடிப்பார்கள். அடிக்க அடிக்கப் படிகங்களுக்குள் சிக்கல்கள் பெருகி, ஒன்றையொன்று தடுத்து, உலோகம் இறுகும். பாத்திரக்காரர்களுக்கும் இது தெரிந்த செய்திதான், அடித்த செம்புக்கு ஓசையே வேறு.

கீறி முடித்ததும் தகட்டைச் சூடாக்கி, எரித்துக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் குழைத்த கரியை அதன்மேல் பூசி, மேற்பரப்பு பளபளக்கும்வரை துடைத்துவிடுவார்கள். மை பள்ளங்களில் மட்டும் தங்கும். தாளை ஈரமாக்கி மேலே வைப்பார்கள். நீர் புகுந்ததும் தாளின் நார்களுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் தளர்கின்றன, தாள் இளகுகிறது. மேலே கம்பளித் துணி, அதன்மேல் இரும்போ மரமோ ஆன உருளை. உருளை ஏறும்போது இளகிய தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை உறிஞ்சிக்கொண்டு வருகிறது. காய்ந்த பிறகு விரலால் தடவினால் கோடுகள் மேடாகத் தட்டுப்படும். படத்தைச் சுற்றி தகட்டின் விளிம்பு ஒரு பள்ளமான சட்டமாகப் பதிந்திருக்கும். பழைய படம் வாங்குபவர்கள் அசலா நகலா என்று முதலில் பார்ப்பது அந்தப் பள்ளத்தைத்தான்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியும் மஞ்சளும் தடவி, துடைத்து எழுத்தைத் தெரியவைத்தவர்கள் நாம். மேற்பரப்பு சுத்தமாக, பள்ளத்தில் மட்டும் மை என்பதுதானே அதுவும். செம்பைக் கீறுவதிலோ நமக்கு ஆயிரம் ஆண்டுப் பயிற்சி. திருவாலங்காட்டுச் செப்பேடு 31 தகடுகள், லைடன் பெரிய செப்பேடு 21 தகடுகள். கீறிய செம்பு, கரி, துடைப்பு எல்லாம் கையில் இருந்தும் ஒரு தாளை அதன்மேல் வைத்து அழுத்த யாருக்கும் தோன்றவில்லை. தாள் இல்லை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதியை அந்தச் செப்பேடுகளின் முத்திரையே சொல்கிறது. சோழ முத்திரையில் புலி இருக்கிறது, இரட்டை மீன் இருக்கிறது, வில் இருக்கிறது. இராஜேந்திர சோழனின் முகம் இல்லை. சாசனத்துக்கு அதிகாரம் கொடுக்க முகம் தேவைப்படவில்லை, சின்னம் போதுமாக இருந்தது. முகத்தைப் பெருக்க வேண்டிய தேவை இருந்தால்தான் முகத்தைப் பெருக்கும் கருவியும் பிறக்கும் என்று நான் நினைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். அங்கே அச்சடித்த ஈயக் காசுகளிலும் பிறகு செப்புக் காசுகளிலும் இருந்தது அரசரின் முகம் அல்ல, கிரீடத்தின் கீழ் பின்னிய முதலெழுத்தும் எண்ணும்தான். மீன் வாங்கிய பெண்ணின் முந்தானையில் கிறிஸ்தியானும் பிரெடெரிக்கும் எழுத்தாக முடிச்சுப் போடப்பட்டுக் கிடந்தார்கள். 1845இல் அந்த ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை காசு மாறவில்லை.

கோபன்ஹேகனில் கதை வேறு. அங்கே முகம் ஓர் அரசியல் பொருள். சைமன் டி பாசேயைக் கொண்டு டென்மார்க் வரலாற்றின் எண்பதுக்கும் மேற்பட்ட காட்சிகளைச் செப்பில் வெளியிட நான்காம் கிறிஸ்தியான் 1637வாக்கில் திட்டமிட்டார். நெதர்லாந்து ஓவியர்களிடம் கோட்டோவியங்களும் வாங்கினார். செதுக்கும் வேலை நடக்கவே இல்லை. கோட்டோவியங்களில் பல இன்றும் கோபன்ஹேகனில் இருக்கின்றன. அடுத்து அரசவைச் செதுக்குநராக வந்த ஆல்பர்ட் ஹேல்வெக் முடிக்கும் ஆசாமி. அவர் டேனிஷ் அரசர்களின் முகவரிசை ஒன்றைச் செதுக்கினார். புராண கால டான் அரசனில் தொடங்கித் தன் எசமானர்வரை வருகிறது அந்த வரிசை. டான் என்று ஒருவர் இருந்ததற்கே சான்றில்லை, முகம் எங்கிருந்து வரும்? ஆனால் செப்பில் டானின் தாடிக்கும் கிறிஸ்தியானின் தாடிக்கும் ஒரே இலக்கணம், ஒரே கோடு, ஒரே குறுக்குக்கோடு. பக்கத்தைப் புரட்டுபவருக்கு எந்த முகம் பார்த்துச் செய்தது, எந்த முகம் இட்டுக்கட்டியது என்று பிரிக்க முடியாது. கோட்டு முறையின் இந்த நடுநிலை ஓர் அரசவம்சத்துக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹேல்வெக் பார்த்துச் செய்த முகங்களுக்கு மூலம் காரல் வான் மாண்டர், அப்ரகாம் வுக்டர்ஸ் ஆகிய ஓவியர்கள். மூலத்திலிருந்து தகட்டுக்கு வருவதில் ஒரு பொறி இருக்கிறது. தகட்டில் கீறுவது தாளில் இடம் வலமாக மாறி விழும். நான்காம் கிறிஸ்தியான் தலைமுடியில் ஒரு பகுதியை நீளமாக வளர்த்துச் சடையாகப் பின்னி இடப்பக்கம் தொங்கவிடுவார். சோம்பேறிச் செதுக்குநர் ஓவியத்தை அப்படியே தகட்டுக்கு மாற்றினால் தாளில் அந்தச் சடை வலப்பக்கத்துக்குப் போய்விடும், வாள் இடது கைக்கு வரும். யானைப் பட்டத்தின் நீலப் பட்டிகை இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்க வேண்டும், அது எதிர்த்திசையில் இறங்கும். ஆம், டென்மார்க்கின் மிக உயர்ந்த விருதின் பெயர் யானைப் பட்டம்தான். முதுகில் கோட்டை சுமந்த ஒரு வெள்ளை யானை, அதன் கழுத்தில் பாகன். நம்மூர் யானையே இல்லாத நாட்டில் அரசர் மார்பில் தொங்குகிறது. கவனமான செதுக்குநர் ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான் கீறுவார். சில பழைய படங்களில் எது மூலம், எது அதைப் பார்த்துச் செய்த திருட்டு நகல் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் தோளில் பட்டிகை இறங்கும் பக்கத்தைப் பார்ப்பது இதனால்தான்.

பட்டிகை நீலம் என்று கறுப்பு மை எப்படிச் சொல்லும்? இதற்கும் ஒரு மரபு 1638இல் பரவலானது. சில்வெஸ்டர் பெத்ரா சாங்க்தா என்ற இயேசு சபைத் துறவி வெளியிட்ட முறைப்படி, கேடயங்களில் படுக்கைக் கோடு நீலம், நிமிர்ந்த கோடு சிவப்பு, புள்ளிகள் தங்கம். டென்மார்க்கின் அரச சின்னத்தில் தங்க நிறப் பின்னணியில் மூன்று நீலச் சிங்கங்களும் ஒன்பது சிவப்பு இதயங்களும் உண்டு. கறுப்பு வெள்ளை அச்சில் அது புள்ளிகள்மேல் படுக்கைக் கோட்டுச் சிங்கங்களாகவும் நிமிர்ந்த கோட்டு இதயங்களாகவும் வரும். விஷயம் தெரிந்தவருக்கு அந்தப் படம் வண்ணப்படம்தான். பட்டுத் துணியின் அலையலையான பளபளப்புக்கோ வேறு உபாயம். கிட்டத்தட்ட இணையான இரண்டு கோட்டு வரிசைகள் சிறு கோணத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இல்லாத அலை ஒன்று கண்ணுக்குத் தெரியும். தொலைக்காட்சியில் கோடுபோட்ட சட்டை அணிந்தவர் மினுமினுப்பது அதே விளைவுதான். படத்தில் வேண்டாத இடத்தில் அது வந்தால் வேலை கெட்டது, அரசரின் அங்கியில் வந்தால் கைத்திறன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் டென்மார்க்கின் பெருஞ்செதுக்குநர் நூரம்பெர்க்கிலிருந்து 1744இல் வந்த யோஹன் மார்ட்டின் ப்ரைஸ்லர். பிறகு கோபன்ஹேகன் கலைக்கழகத்தில் செதுக்குக் கலைப் பேராசிரியராகவும் இருந்தார். அப்போதைய அரசர் ஐந்தாம் பிரெடெரிக்கை ஸ்வீடன்காரரான கார்ல் குஸ்தாவ் பீலோ திரும்பத் திரும்ப வரைந்தார். அவர் பட்டறையில் அந்த முகத்தின் பிரதிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகி வெளிநாட்டு அரசவைகளுக்கும் அதிகாரிகளுக்கும் போயின. கையால் வரைந்த பிரதிகள் எத்தனை ஆனாலும் கையின் வேகத்துக்குத்தான் கட்டுப்பட்டவை, செப்பு அப்படியல்ல. ப்ரைஸ்லர் செதுக்கியவற்றில் புகழ்பெற்றது ஓவியத்தைப் பார்த்துச் செய்ததுகூட அல்ல, ஒரு சிலையைப் பார்த்துச் செய்தது. அமாலியன்போர்க் சதுக்கத்தின் நடுவே பிரெஞ்சுச் சிற்பி ழாக் சாலி எழுப்பிய ஐந்தாம் பிரெடெரிக்கின் குதிரைச் சிலை அது. சாலி 1753இல் வந்தார். அரசர் 1766இல் இறந்தார். வெண்கலம் 1768இல் வார்க்கப்பட்டது, 1771இல் சிலை திறக்கப்பட்டது. அரசர் தன் சிலையைப் பார்க்கவில்லை. செலவு ஏற்றது ஆசியக் கம்பெனி. சீனத் தேயிலையும் தரங்கம்பாடித் துணியும் விற்ற டேனிஷ் கம்பெனி அது. காவிரிக் கழிமுகத்தில் நெய்த துணியின் இலாபத்தில் ஒரு பங்கு கோபன்ஹேகனில் வெண்கலக் குதிரையாக நிற்கிறது என்று சொல்வதில் தவறில்லை. சிலை இடம் விட்டு நகராது. ஐரோப்பாவெங்கும் அது போய்ச் சேர்ந்தது ப்ரைஸ்லரின் தகட்டில்தான்.

அரசவை அனுமதித்த முகங்கள்தான் அச்சாகின என்று நினைக்கக்கூடாது. பிரெடெரிக்கின் மகன் ஏழாம் கிறிஸ்தியானின் மருத்துவர் ஷ்ட்ருவென்சே, அரசியின் காதலராகி, நாட்டையே கொஞ்ச காலம் ஆண்டு, 1772 ஏப்ரலில் தலை வெட்டப்பட்டார். அவர் முகமும் அவர் தண்டனையும் மலிவான படங்களாக டென்மார்க்கிலும் ஜெர்மன் நாடுகளிலும் பரவின. அரசரின் உருவத்தைப் பெருக்கும் கருவி அரசரின் அவமானத்தையும் பெருக்கியது.

தகட்டுக்கும் ஆயுள் உண்டு. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் செம்பு இம்மியளவு தேய்கிறது. பியூரினால் ஆழமாகக் கீறிய தகடு சில நூறு அருமையான பிரதிகளும் அதற்குப் பிறகு ஒன்றிரண்டாயிரம் சுமாரான பிரதிகளும் தரும். 1642இல் லுட்விக் ஃபொன் சீகன் வெளியிட்ட மெசோடின்ட் முறையில் ஆயுள் இன்னும் குறைவு. அதன் பிற்கால வடிவில் தகடு முழுவதையும் பல் உள்ள கருவியால் சொரசொரப்பாக்கி முதலில் முழுக் கறுப்பாக்கிவிட்டு, பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களைச் சுரண்டி மழமழப்பாக்குவார்கள். நிழல் ஓவியம் போலவே கரைந்து வரும், ஆனால் அந்த நுண்ணிய சொரசொரப்பு முதலில் தேய்ந்துவிடும். சீகன் முதலில் வெளியிட்ட படமும் ஓர் ஆட்சியாளருடையதுதான், ஹெஸ்ஸே நாட்டுச் சிற்றரசி அமாலியே எலிசபெத்.

தேய்ந்த தகட்டைத் தூக்கிப்போட மாட்டார்கள். செம்பு விலை உள்ள பொருள். பிழையான இடத்தைச் சுரண்டி, பள்ளமாகிவிட்ட பரப்பைப் பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டி மேலே எழுப்பி, மழமழப்பாக்கி, புதிதாகக் கீறலாம். இந்த வசதியை மிக வெட்கமில்லாமல் பயன்படுத்தியவர் பிரெஞ்சுச் செதுக்குநர் பியேர் லொம்பார். வான் டைக் வரைந்த இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் குதிரைச் சவாரிப் படத்தை மூலமாக எடுத்துக்கொண்டு, ஒரே தகட்டில் உடலையும் குதிரையையும் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் மாற்றினார். சார்லஸைக் கொன்ற கிராம்வெல், பதினான்காம் லூயி, கடைசியில் சார்லஸ். தலையே இல்லாத நிலையில் எடுத்த பிரதிகளும் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அரசர் என்பது ஒரு குதிரையும் ஒரு கவசமும்தான், மேலே யாரை வைத்தாலும் பொருந்தும் என்று லொம்பாரின் தகடு சொல்லாமல் சொல்கிறது.

ஓவியத்துக்கு நெருப்பு ஒருமுறை பட்டால் போதும். 1859 டிசம்பரில் ஃபிரெடெரிக்ஸ்போர்க் கோட்டை எரிந்தபோது அங்கிருந்த உருவப்படத் தொகுப்பில் பெரும்பகுதி சாம்பலானது. அச்சுப்படம் இருந்த முகங்கள் மட்டும் வேறு இடங்களில் தப்பிப் பிழைத்திருந்தன. நூறு வீட்டில் நூறு பிரதி இருந்தால் நூறும் ஒரே நாளில் எரியாது. கோட்டையை மீண்டும் எழுப்பி, கார்ல்ஸ்பெர்க் மதுவடிப்பாளர் ஜே.சி. யாக்கப்சனின் பணத்தில் 1878இல் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் ஆக்கினார்கள். அங்கே அச்சுப்படங்களையும் பெருமளவில் சேர்த்துவைத்தது சரியான முடிவு. கோபன்ஹேகன் தேசியக் கலைக்கூடத்தில் தாள்மேல் உள்ள படைப்புகள் அனைத்தும் அடங்கிய தொகுப்புக்கு இன்றும் பெயர் அரச செப்புப்படத் தொகுப்பு. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்பு எஃகுக்கு இடம் கொடுத்தது. ஜேக்கப் பெர்கின்ஸ் கண்ட வழி இது. மென்மையான எஃகுத் தகட்டில் முகத்தைக் கீறு. பிறகு அதை வெப்பப்படுத்திக் கரிமம் ஏற்றிக் கெட்டியாக்கு. கெட்டியான தகட்டின்மேல் மென்மையான எஃகு உருளையை அழுத்தி உருட்டினால் முகம் உருளையில் மேடாகப் பதியும். உருளையையும் கெட்டியாக்கி இன்னொரு மென்மையான தகட்டில் வேண்டிய தடவை உருட்டினால் ஒரே முகம் ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கில் வரும். செதுக்குநர் ஒருமுறைதான் கீறினார். 1840 மே மாதம் வந்த முதல் அஞ்சல்தலையான பென்னி பிளாக்கின் தகட்டில் விக்டோரியாவின் முகம் 240 முறை இருந்தது, அச்சான பிரதிகள் கிட்டத்தட்ட 6.8 கோடி. மூலம் வில்லியம் வைய்யோன் செய்த பதக்கம். அரசி மூப்படைந்தார், அஞ்சல்தலையில் இளம்பெண்ணாகவே இருந்தார்.

டென்மார்க் 1851இல் வெளியிட்ட முதல் அஞ்சல்தலைகளில் அரசர் முகம் இல்லை, கிரீடமும் எழுத்துகளும்தான், தரங்கம்பாடிக் காசைப் போலவே. முகம் வந்தது 1904இல், ஒன்பதாம் கிறிஸ்தியானுடையது. பிறகு டேனிஷ் அரச அஞ்சல்தலைகளைச் செதுக்கியவர்களில் போலந்தில் பிறந்த செஸ்லாவ் ஸ்லானியாவும் ஒருவர். அவர் ஸ்வீடன் அரசவைச் செதுக்குநராக இருந்தவர், டென்மார்க்கின் இரண்டாம் மார்கரெட்டை எஃகில் கீறியவர், தன் ஆயிரமாவது அஞ்சல்தலையை 2000இல் வெளியிட்டவர். அந்த ஆயிரமாவது, எரென்ஸ்ட்ரால் என்ற ஓவியர் வரைந்த அரச ஓவியம் ஒன்றை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியது. பியூரின் அதே பியூரின்தான். நான்காம் கிறிஸ்தியான் தொடங்கிய டேனிஷ் அஞ்சல்துறைக்கு 401 வயது ஆனபோது, 2025 முடிவில் போஸ்ட்நோர்ட் டென்மார்க்கில் கடிதம் விநியோகிப்பதை நிறுத்திக்கொண்டது. அஞ்சல்தலையில் முகம் பார்க்கும் வழக்கத்துக்கு அங்கே இனி பெரிய வேலையில்லை.

முகத்தைச் செதுக்கும் வேலை ஓரிடத்தில் இன்னும் நன்றாக உயிரோடு இருக்கிறது, அது பணத்தாள். அங்கே அது அழகுக்காக இல்லை. மனித மூளைக்கு முகங்களைப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு. ஒரு பூவின் இதழ் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் கவனிக்காத கண், ஒரு முகத்தில் உதட்டின் ஓரம் அதில் பாதி தள்ளி இருந்தாலும் ‘என்னவோ சரியில்லை’ என்று நின்றுவிடும். கள்ளநோட்டு அடிப்பவர் கோபுரத்தை நகலெடுத்துத் தப்பலாம், முகத்தில் மாட்டிக்கொள்வார். கோடுகளின் மேடும் சேர்ந்து காவல் செய்கிறது. சாதாரண அச்சு இயந்திரத்தால் அந்த மேட்டைக் கொண்டுவர முடியாது. நம் நாட்டில் 100 ரூபாயும் அதற்கு மேற்பட்டவையுமான தாள்களில் காந்தி முகம் இந்தச் செதுக்கு முறையில்தான் அச்சாகிறது, சிறு மதிப்புத் தாள்களில் இல்லை. கையில் ஒரு புதிய 500 ரூபாய்த் தாளும் ஒரு புதிய 20 ரூபாய்த் தாளும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டிலும் முகத்தின்மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் நகம் தடுக்கும், மற்றதில் வழுக்கும்.